செஞ்சி மலைக்கு ஒரு கட்டுச்சோறு



விடுமுறை நாள் நெருங்கிவிட்டால், "எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்வி, "என்ன கட்டிக்கொண்டு போவது?" என்பது. முதற்கேள்விக்குக் குடும்பம் முழுவதும் கூடி அமர்ந்து விடை காண்கிறது. இரண்டாம் கேள்வியோ அடுப்படியில் நிற்கும் பெண்களின் பொறுப்பில் தனியே விடப்படுகிறது. கடற்கரைக்கோ பூங்காவுக்கோ செல்வதாயின் எதைக் கட்டிச் சென்றாலும் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது. ஆனால், வெயிலில் காயும் பாறைமீது நாள் முழுவதும் ஏறி இறங்கவேண்டிய பயணத்தில் அந்த இரண்டாம் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. இதை நான் நூல்களில் படித்து அறிந்துகொள்ளவில்லை. செஞ்சிக் கோட்டையின் படிக்கட்டில், வாடித் துவண்ட என் மகனை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தபோது அறிந்துகொண்டேன்.

என் தாய்வீடு கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் அமைந்த ஊர். ஊரைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் நிலங்கள். வேர்க்கடலை என்று நூல்கள் கூறும் அந்தப் பயிரை எங்கள் பக்கத்து மக்கள் 'மல்லாட்டை' என்றே அழைப்பார்கள். ஊரின் மேற்குப் புறத்தில் நின்று பார்த்தால் தொலைவில் திருவண்ணாமலையின் மலை நீலமாய்த் தெரியும். கிழக்கு நோக்கிப் பேருந்தில் அமர்ந்தால், ஏறக்குறைய அதே அளவு தொலைவில், யாரோ கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தாற்போன்ற பாறைக் குன்றுகள் சாலையின் இருமருங்கிலும் எழுந்து நிற்கும். அவைதாம் செஞ்சிக் குன்றுகள்.

மூன்று குன்றுகளின் கோட்டை

செஞ்சிக் கோட்டை ஒரே மலைமீது எழுந்ததன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நீண்ட மதிற்சுவர்கள் ஓடுகின்றன. கோனார் மரபினர், விசயநகரத்தாரின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், மொகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக இதனை ஆண்டிருக்கின்றனர். 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். 2025 ஜூலையில் 'மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள்' என்னும் பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. மகாராட்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை நம் செஞ்சி.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலும், குதிரை லாயங்களும், உடற்பயிற்சிக் கூடமும், பெரும் நெற்களஞ்சியங்களும் நிற்கின்றன. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெயரால் விளங்கும் பள்ளிவாசல் ஒன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. அந்த நவாபை எதிர்த்து 1714-இல் களம் கண்டு மாண்ட தேசிங்குராசனின் கதையை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான் என்னும் முஸ்லிம் வீரன், தன் மணமேடையிலிருந்தே எழுந்து நண்பனுக்குத் துணையாகப் போருக்குச் சென்று உயிர்நீத்தான் என்கிறது நாட்டுப்புறக் கதைப்பாடல். இன்றும் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தெருக்கூத்துகளில் இவ்விருவரையும் பிரித்துப் பேசுவாரில்லை.

மூன்று குன்றுகளுள் உயர்ந்தது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். படிகள் உண்டு. ஆனால், அவை மாடிப்படிகளைப்போல் ஒரே அளவினவல்ல. ஒன்று அரை அடி உயரம், மற்றொன்று ஒன்றரை அடி. சில இடங்களில் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கும். சில இடங்களில் கையை ஊன்றித்தான் காலைத் தூக்கவேண்டும். உச்சியை நெருங்கும்போது ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய ஒரு பிளவு குறுக்கிடும். அதன்மீது அமைந்த சிறு பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக்கோட்டை. நிழலென்று சொல்ல இடையிடையே சில மரங்களும் வாயில் மண்டபங்களும் மட்டுமே உண்டு. முற்பகல் பத்து மணிக்கு மேல் பாறை உள்ளிருந்து கொதிக்கத் தொடங்கிவிடும். மேலே சூரியன், கீழே கல். நடுவில் நாம்.

எங்கள் முதற்பயணம்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம். என் தம்பிக்குத் திருமணம் முடிந்து இரு வாரங்களே ஆகியிருந்தன. புதுப்பெண்ணுக்குச் செஞ்சியைக் காட்டவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். விருந்து என்றால் பிரியாணிதானே? விடியற்காலையிலேயே எழுந்து ஆட்டிறைச்சிப் பிரியாணி சமைத்து, தேக்சாவின் வாயைத் துணியால் கட்டினோம். தால்சா ஒரு தூக்கில், தயிர்ப் பச்சடி ஒரு தூக்கில், ஜர்தா ஒரு டப்பாவில். தண்ணீர்? ஆறு பாட்டில்கள். "அங்கே கிடைக்காமலா போகும்?" என்று நானேதான் சொன்னேன்.

வேன் காலதாமதமாகப் புறப்பட்டதால், மலையடிவாரத்தை அடையும்போதே மணி பதினொன்று. என் கணவரும் தம்பியும் தேக்சாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஐம்பது படிக்கு ஒருமுறை இறக்கி வைத்தார்கள். பாதி மலை ஏறுவதற்குள் ஆறு பாட்டில்களும் காலியாயின. பசிக்கிறது என்று பிள்ளைகள் அழவே, ஒரு மண்டபத்து நிழலில் அமர்ந்து தேக்சாவைத் திறந்தோம். நெய்யும் காரமுமாய் மணந்த பிரியாணியை வயிறாரத் தின்றோம். குடிக்க ஒரு மிடறு தண்ணீர் இல்லை. தயிர்ப் பச்சடி அதற்குள் புளித்து நுரைத்திருந்தது. வாசனை கண்டு வந்த குரங்குகள் ஜர்தா டப்பாவைப் பறித்துச் சென்றன.

பிறகும் உச்சிக்குச் செல்லவேண்டும் என்ற பிடிவாதம். நூறு படிகூட ஏறியிருக்கமாட்டோம். ஒன்பது வயதுடைய என் மகன் தலை சுற்றுகிறது என்றான். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தான். உண்டதை எல்லாம் வாந்தி எடுத்தான். அவன் முகத்தில் குருதியோட்டமே இல்லை. உதடுகள் வெள்ளைத்தாள்போல் காய்ந்திருந்தன. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் இறங்கிய ஒவ்வொரு படியும் எனக்கு ஓராண்டு போலக் கழிந்தது.

அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களைக் கண்டு ஓடி வந்தார். மகனை மரநிழலில் கிடத்தச் சொல்லி, சட்டையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்தார். உப்பிட்ட நீர்மோரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். அரைமணி நேரத்தில் பிள்ளை கண் திறந்து பேசினான். காசு கொடுக்கப் போனேன். அவர் காசை வாங்கவில்லை. தேக்சாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பாயம்மா, மலைக்குச் சோத்தைத் தூக்கினு போனியே, தண்ணிய தூக்கினு போனியா?"

அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு விதை.

வரலாறு சொல்லும் பாடம்

பின்னர், செஞ்சியின் வரலாற்றைப் படித்தபோது மூதாட்டியின் கேள்வியையே அதிலும் கண்டேன். 1690-இல் ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் பெரும்படையுடன் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை ஏழாண்டுகளுக்கும் மேல் நீடித்து 1698-இன் தொடக்கத்தில்தான் முடிவுற்றது. கோட்டைக்குள் களஞ்சியம் இருந்தது. மலைமேல் சுனை இருந்தது. மழைநீரைத் தேக்கும் குளங்கள் இருந்தன. வெளியே இருந்த பெரும்படைக்கோ தானிய வண்டிகள் வரும் வழிகளை மராத்தியக் குதிரைப்படையினர் அடைத்துவிட்டனர். பஞ்சம் தாங்காமல் 1693-இன் தொடக்கத்தில் சுல்பிகார் கான் முற்றுகையைத் தளர்த்தி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பீரங்கியால் சாயாத படை பசியால் பின்வாங்கியது.

சுமையைப் பற்றி இஸ்லாமிய வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. பத்ருப் போருக்குப்பின், ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், மதீனாவின் எல்லையில் தாக்குதல் நடத்திவிட்டு அபூசுஃப்யானின் கூட்டத்தார் விரைந்து திரும்பினர். முஸ்லிம்கள் பின்தொடரவே, சுமையைக் குறைப்பதற்காகத் தாம் கொண்டுவந்த 'சவீக்' மூட்டைகளை வழியெங்கும் எறிந்துவிட்டு ஓடினர். அதனாலேயே அந்நிகழ்ச்சிக்கு 'கஸ்வத்துஸ் சவீக்' என்று பெயர். சவீக் என்பது வறுத்து அரைத்த தானிய மாவு. பேரீச்சம்பழமும் சவீக்கும் அன்றைய அரபுப் பயணிகளின் வழியுணவு. இமயத்தில் வாழும் மக்கள் வறுத்த பார்லி மாவைத் 'சம்பா' என்று சொல்லி, தேநீரில் குழைத்து உண்டு மலையேறுகின்றனர். வட இந்திய உழவர்கள் வறுத்த கடலை மாவைச் 'சத்து' என்கின்றனர். நம் பாட்டிமார்கள் பொரிமாவு என்றார்கள். பாலைவனத்தாரும் பனிமலையாரும் உழவரும் தனித்தனியே கண்டறிந்த உண்மை ஒன்றே: பயண உணவு உலர்ந்ததாக இருக்கவேண்டும், இலேசாக இருக்கவேண்டும், சிறிது உண்டாலும் வலிவு தரவேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதில் 100 கிராம் தருவது 130 கலோரி அளவே. அதே 100 கிராம் பேரீச்சம்பழம் ஏறத்தாழ 280 கலோரி தரும். 100 கிராம் மல்லாட்டையோ 560 கலோரிக்கு மேலும் 25 கிராம் புரதமும் தரும். அப்படியிருக்க, நான் இரண்டு ஆண்களைத் தேக்சா தூக்க வைத்தேன்.

தண்ணீரே முதல் உணவு

அன்புச் சகோதரிகளே! மலைப் பயணத்திற்குக் கட்டும்போது முதலில் தண்ணீரை எடுத்து வையுங்கள். மீதமுள்ள இடத்தில்தான் உணவு. வெயிலில் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். ராஜகிரியில் ஏறி, சுற்றிப் பார்த்து, இறங்கக் குடும்பமாகச் செல்வோருக்கு மூன்று நான்கு மணி நேரமாகும். ஆகவே பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர், பிள்ளைக்கு 1 முதல் ஒன்றரை லிட்டர் எனக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறவாமல், அவரவர் தண்ணீரை அவரவர் தோளிலேயே சுமக்கச் செய்யுங்கள். ஒருவரே எல்லாருடையதையும் சுமந்தால், அவர் பின்தங்கும்போது முன்னே சென்ற பிள்ளை தாகத்தில் தவிக்கும். வண்டியிலும் ஒரு கேன் நீர் இருக்கட்டும். இறங்கி வந்ததும் அது அமுதம்.

தாகம் எடுக்கும்வரை காத்திராதீர்கள். கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. ஆதலின் குடும்பத்துக்கு ஒரு பாட்டிலாவது எலுமிச்சைச் சாறும் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்ததாக இருக்கட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நேர்ந்தால் தர, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிடில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பை அளவுக்கு மேல் போட்டால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். கடைகளில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்கள் தண்ணீருக்கு ஈடாகா.

ஏறும் முன், ஏறும்போது, இறங்கிய பின்

உணவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்திற்கு முன் இலேசான காலையுணவு. இட்லியும் நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடியும் நன்று. இடியாப்பமும் சர்க்கரையும் நன்று. பரோட்டாவும் பாயாவும் அன்றைக்கு வேண்டாம். நெய்யும் இறைச்சியும் செரிப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். வயிறு நிறைய உண்டால் குருதியோட்டத்தின் கூடுதல் பங்கு செரிமான உறுப்புகளின் பக்கம் திரும்பிவிடும். கால்களும் அதையே கேட்கும் நேரத்தில் இரண்டுக்கும் போதாமல் போகும். என் மகனுக்கு நேர்ந்தது இதுதான். பிரியாணியில் குற்றமில்லை. அதை உண்ட இடமும் நேரமுமே குற்றம்.

ஏறும்போது கைக்கடக்கமான சிற்றுணவு. பேரீச்சம்பழம், வறுத்த மல்லாட்டை, வெல்லம், பொட்டுக்கடலை, உலர் திராட்சை ஆகியவற்றை ஒரு சிறு துணிப்பையில் கலந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போதும். ஒரே வேளையாக வயிற்றை நிரப்புவதைவிட, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே ஏறுபவருக்கு வலிவு. வெள்ளரிப் பிஞ்சும் சாத்துக்குடிச் சுளையும் நாவறட்சியைத் தீர்க்கும். வாழைப்பழம் நல்லதே. ஆனால், நசுங்கும், குரங்கும் முதலில் அதைத்தான் கண்டுகொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக்கடலையைத் தராதீர்கள். படியேறி மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு நன்கு பொடித்த மாவுருண்டையே ஏற்றது. அதையும் உட்கார வைத்துக் கொடுங்கள்.

இறங்கிய பின் பகலுணவு. இதுவே முதன்மையான மாற்றம். உச்சியில் உண்ணவேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பகலுணவு அடிவாரத்தில் வண்டியிலேயே இருக்கட்டும். அதுவும் கெடாத வகையாக இருக்கவேண்டும். வெயில் காலத்தில் சமைத்த உணவு வெளியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தாலே கிருமிகள் பெருக வாய்ப்பு மிகுதி. மற்றக் காலங்களிலும் இரண்டு மணி நேரமே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். வெந்த சோற்றிலும் உயிர்பிழைத்திருந்து, பின் பெருகி நஞ்சை உண்டாக்கும் பாசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிர் உண்டு. சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழிவதில்லை. தேங்காய்ச் சட்டினி, தயிர்ப் பச்சடி, பாலில் செய்த இனிப்பு, இறைச்சிக் குழம்பு ஆகியவை வெயிலில் விரைவில் கெடுபவை. நீர்ப்பசையற்ற சப்பாத்தி, எண்ணெய் விட்டுப் புரட்டிய புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த பருப்புத் துவையல் ஆகியவை ஓரளவு தாங்கும். பிரியாணியே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், மாலையில் வீடு திரும்பியதும் சுடச்சுடச் சமைத்துக் கொடுங்கள். மலையேறிய பசிக்கு அதன் சுவை இரட்டிப்பாகும்.

நீரிழிவு நோயுள்ளவர்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஏறும்போது இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். அவர்கள் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ கட்டாயம் இருக்கவேண்டும். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஏறவேண்டாம். கீழ்க்கோட்டையில் பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது.

நன்னியின் மாவுருண்டை

எங்கள் நன்னி தம் இளமையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் உறவினர் ஊர்களுக்குச் செல்லும்போது செய்த உருண்டையை இங்கே தருகிறேன். இரண்டு குவளை மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்குங்கள். ஒரு குவளைப் புழுங்கலரிசியைப் பொரியும்வரை வறுத்து மாவாக்குங்கள். ஒரு குவளைப் பொட்டுக்கடலையைப் பொடியுங்கள். மல்லாட்டையைக் கொரகொரப்பாக இடித்து, ஒன்றரைக் குவளை வெல்லத்தூளும் ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பதினைந்தை மசித்துச் சேர்த்துப் பிசைந்தால் மல்லாட்டையின் எண்ணெயோடு கூடி இறுகப் பிடிக்கும். நெய் வேண்டுவதில்லை, தண்ணீர் படக்கூடாது. எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. ஒரு பெரியவருக்கு நான்கு உருண்டைகள் போதும்.

குரங்கும் குப்பையும்

செஞ்சி மலைக்கு உரிமையாளர்கள் குரங்குகள். நாம் விருந்தாளிகள். உணவைக் கையில் தொங்கவிட்டுச் செல்லாமல் முதுகுப்பையில் வைத்து மூடுங்கள். சரசரக்கும் பை அவற்றுக்கு அழைப்புமணி. படியில் நின்று உண்ணாமல், எல்லோரும் சுவரோரம் சேர்ந்து அமர்ந்து விரைவாக உண்டு எழுங்கள். குரங்கு பறிக்க வந்தால் விட்டுவிடுங்கள். இழுத்துப் போராடவேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளும் தட்டுகளும் தடை செய்யப்பட்டுள்ளன. மஞ்சள் துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் நமக்குப் புதியனவா என்ன? பழத்தோலையும் பேரீச்சங்கொட்டையையும்கூடத் திரும்பக் கொண்டுவர ஒரு காலிப்பையை எடுத்துச் செல்லுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அடுப்பு மூட்டுவதும் பாறையில் பெயர் கீறுவதும் குற்றம். படிகளை விட்டு விலகி வெறும்பாறையில் ஏறும் வீர விளையாட்டும் அங்கே வேண்டாம். அதற்குரிய பயிற்சியும் கயிறும் வழிகாட்டியும் வேண்டும்.

உடன் வந்தவர்க்குத் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, தலைவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அதுவே திரும்பும் குறி. நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் குளிர்வித்து, நினைவோடு இருந்தால் மட்டும் சிறிது சிறிதாக நீர் புகட்டுங்கள். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். உச்சி அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஆண்டும் ஏறலாம்.

மீண்டும் ராஜகிரியில்

அண்மையில் ஒரு தை மாதக் காலை, அதே கீழ்பென்னாத்தூர் வீட்டிலிருந்து மீண்டும் புறப்பட்டோம். சுபுஹு தொழுகை முடித்து, இட்லி உண்டு, கோட்டை வாயில் திறக்கும் நேரத்தில் அடிவாரத்தில் நின்றோம். ஆளுக்கொரு முதுகுப்பை, தண்ணீர், துணிப்பையில் மல்லாட்டையும் பேரீச்சையும். தேக்சா வீட்டில் தன் இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அன்று என் மடியில் துவண்டு கிடந்த மகன் இன்று என்னைவிட உயரம். என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "தண்ணீர் குடித்தீர்களா, அம்மா?" என்று படிக்குப் படி கேட்டுக்கொண்டே வந்தான்.

பிளவின் மேலிருந்த பாலத்தைக் கடந்து உச்சியில் நின்றபோது காற்று முகத்தில் அறைந்தது. கீழே குளங்களும், களஞ்சியங்களும், கல்யாண மகாலின் கூர்த்த முடியும், பள்ளிவாசலும், எதிரே கிருஷ்ணகிரியும், மேற்கே எங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களும் தெரிந்தன. உச்சியிலும் ஒரு களஞ்சியம் நிற்கிறது. இவ்வளவு உயரத்திற்கு அன்று யாரோ மூட்டை மூட்டையாகத் தானியம் சுமந்திருக்கிறார்கள். அவர்கள் விருந்துக்காகச் சுமக்கவில்லை. உயிர் காக்கச் சுமந்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்து அமர்ந்து 'பிஸ்மில்லாஹ்' சொல்லி ஆளுக்கொரு மாவுருண்டை உண்டோம். தண்ணீர் மிச்சமிருந்தது. எங்களுக்குப் பின் ஏறி வந்த ஒரு கல்லூரி மாணவர் கூட்டத்தில் ஒரு பையன் வெறும் கையோடு வந்து சுவரைப் பிடித்து நின்றான். என் மகன் ஒன்றும் கேட்கவில்லை. தன் பாட்டிலைத் திறந்து நீட்டினான். பிறகு இரண்டு பேரீச்சம்பழம்.

லுஹருக்கு முன் இறங்கிவிட்டோம். அடிவாரத்தில் அந்த மோர்க்கார மூதாட்டியைத் தேடினேன். காணவில்லை. அவர் அமர்ந்திருந்த மரத்தடியில் வேறொரு பெண் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். வீட்டுக்கெல்லாம் வாங்கினேன். அவர் என் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மேல போய் வந்துட்டீங்களா? தண்ணி பத்துச்சா?" என்றார்.

"பத்துச்சும்மா, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

வாசக நேயர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலைக்குப் போகலாம் என்றால் மறுக்காதீர்கள். மகிழ்ச்சியோடு அழைத்துச் செல்லுங்கள். தேக்சாவை இறக்கி வைத்துவிட்டு, முதலில் தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணுங்கள். ஒன்றைக் கூடுதலாகவே எடுத்து வையுங்கள். வழியில் யாருக்கேனும் அது தேவைப்படும்.